இடியாப்ப மெஷினைக் கண்டுபிடித்தது யார் என்பது பற்றி

செமோர்,
ஏப்ரல் 12

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் ராமையா அவர்களுக்கு, உன் அக்கா புருஷன் பழனியப்பன் எழுதிக்கொள்வது. முருகன் அருளால் நானும் உன் அக்காள் நவமணியும் இங்கே சுகமாக இருக்கிறோம். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், பேச்சுதான் இரண்டு நாளாக இல்லை. சித்தியவானில் நீயும் சாந்தினியும் பிள்ளைகளும் பேசிக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் தாளில் எழுதுவதற்குக் காரணம், விஷயம் ரகசியம்.

பதினெட்டு வருஷமாகச் செமோர் பாசாரில் சந்தைக்கடை போட்டு இடியாப்பம் பிழிந்து பிழிந்து உன் அக்காளுக்கு மணிக்கட்டு வீங்கிப்போனது உனக்குத் தெரியும். ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் மெஷின் பழுதுபார்த்தவன் நான், பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? பழைய தையல் மெஷினின் கால்மிதியைக் கழற்றி, காலால் மிதித்தால் மாவு பிழிகிற மெஷின் ஒன்றைச் செய்தேன். இரண்டே மாதத்தில் வீக்கம் வற்றிவிட்டது. அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது, எவனாவது பார்த்துக் காப்பியடித்தால் என்ன செய்வது என்று. வரைபடத்தை டின்னுக்குள் போட்டு, டின்னை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். இரும்பு ஒட்டிக் கொடுத்தவரிடம் கோழிக்கூண்டுக்கு என்று பொய் சொன்னேன். போன வியாழக்கிழமை பேட்டண்ட் எடுக்கலாம்னு அக்காளையும் கூட்டிக்கிட்டு ஈப்போவில் ஒரு ஏஜெண்டைப் பார்க்கப் போனேன்.

ஏஜெண்ட் முஹ்ஸினான்னு ஒரு பிள்ளை, நல்லாத் தமிழ் பேசுது. வெளியாள் யாராவது மெஷினைப் பார்த்திருக்காங்களான்னு கேட்டுச்சு. ஈ எறும்புக்குக்கூடத் தெரியாதும்மான்னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். உங்கக்கா பக்கத்துல உக்காந்துக்கிட்டு, "தினமும் பாசார்ல வெச்சுத்தானே பிழியிறேன், எல்லாரும் பாக்குறாங்களே"ன்னுட்டா. வரைபடத்தைப் பூட்டினவன் மெஷினைப் பூட்டல மச்சான், எனக்கு அது தோணவே இல்ல. நாமளே வெளியே காட்டியிருந்தா ஒரு வருஷத்துக்குள்ள விண்ணப்பம் போடணுமாம், எத்தனை மாசம் ஆச்சுன்னு அந்தப் பிள்ளை கேட்டுச்சு. நான் எட்டு மாசம்னேன். உங்கக்கா, இல்ல, போன வருஷம் தைப்பூசத்துக்கு முந்தின வாரம், பதினாலு மாசம் ஆயிருச்சுன்னா. மேசைக்குக் கீழே அவ காலை மிதிச்சேன். எதுக்கு மிதிக்கிறீங்கன்னு அதையும் சத்தமாவே கேட்டா.

அப்ப இது புதுசு ஆகாது அங்கிள்னு அந்தப் பிள்ளை மெதுவாச் சொல்லுச்சு. வாழ்க்கை முழுக்க அடுத்தவன் மெஷினையே பழுது பார்த்தேன் மச்சான். என் பேர்ல ஒண்ணாச்சும் இருக்கட்டும்னு நினைச்சது தப்பா? கொண்டுபோன வரைபடத்தைச் சுருட்டி மறுபடி டின்னுக்குள்ள போட்டேன். அந்தப் பிள்ளைக்கே பாவமாயிருச்சு போல, யாருக்கும் காட்டாத பாகம் ஏதாவது இருக்கான்னு கேட்டுச்சு. நான் இல்லைன்னேன். உங்கக்கா இருக்குன்னா. மோட்டார்சைக்கிள் டியூபை வெட்டி, சைக்கிள் பல்சக்கரத்துல மாட்டி, மிதிக்க மிதிக்கக் கீழே தட்டு தானாச் சுத்துற மாதிரி அவளே ஒண்ணு செஞ்சிருக்கா. கையால தட்டைத் திருப்ப வேண்டாம், இடியாப்பம் வட்டமா விழும். அடுப்படியில அதைப் பார்த்த அன்னைக்கே, என் மெஷின்ல எதுக்குடி கை வெச்சேன்னு சத்தம் போட்டேன். அதுக்குப் பயந்து பாசாருக்குக் கொண்டுபோகாம வீட்டு ஆர்டருக்கு மட்டும் வெச்சிருக்கா. அதனால அது இன்னும் புதுசாம்.

அந்தப் பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. வேற யாராச்சும் ஏற்கெனவே பதிஞ்சிருக்காங்களான்னு தேடிப் பார்க்கணும், ஆனா விண்ணப்பம் போட்டுப் பார்க்கலாம்னுச்சு. கண்டுபிடிச்சது யார், ஆண்ட்டி மட்டுமா, நீங்களுமா, இந்தத் தட்டுல நீங்க என்ன செஞ்சீங்க அங்கிள்னு என்னைக் கேட்டுச்சு.

"திட்டினாரு"ன்னு உங்கக்கா சொன்னா.

அதுலருந்துதான் பேச்சு இல்ல. நியாயத்தை நீயே சொல்லு. நான் திட்டலேன்னா அந்தத் தட்டு பாசாருக்குப் போயிருக்கும், போயிருந்தா ரகசியம் போயிருக்கும். அப்ப என் பங்கு இல்லையா? நீ ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, என் பேரையும் சேர்க்கச் சொல்லி உன் அக்காளுக்கு எடுத்துச் சொல்லணும். தம்பி சொன்னா கேப்பா லா.

சாந்தினிக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் படித்து, பெரியவர்களாகி, எதைச் செய்தாலும் உடனே பதிவு செய்து வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் மச்சான்
செ. பழனியப்பன்

பி.கு.: நீ வர வேண்டாம். கவரை ஒட்டப்போற நேரத்துல உங்கக்கா விண்ணப்பப் பாரத்தைக் கொண்டாந்து முன்னால வெச்சா, என் கையெழுத்துதான் அழகா இருக்குமாம். உங்க பேரையும் எழுதிக்குங்கன்னு அவளே சொன்னா. முதல்ல என் பேரை எழுதத்தான் பேனாவைக் கொண்டுபோனேன். அப்புறம் உங்கப்பா பேரையும் சேர்த்து நவமணி சின்னையான்னு மட்டும் எழுதினேன். பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு மச்சான். இன்னொண்ணு, தட்டு எப்படிச் சுத்துதுன்னு மேலே உனக்கு முழுசா எழுதித் தொலைச்சிட்டேன். படிச்சதும் எரிச்சிடு. அக்கா கேட்டா, மழையைப் பத்தி எழுதியிருந்தாருன்னு சொல்லு.