முகாரி அண்ணனின் ஒரே பாட்டு

மலேசியாவில், ஈப்போவுக்கும் கோப்பெங்குக்கும் இடையில் சாவுக்குப் பயப்படாமல் பஸ் ஓட்டிய ஒரே மனிதர் முகாரி அண்ணன்தான். பயமெல்லாம் பயணிகளுக்கு.

எழுபதுகளின் கடைசியில் ஈப்போ புந்தோங்கில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். சின்ன வயதில், எஸ்டேட் கோயிலுக்கு வந்த ஓதுவார் ஒருவரிடம் ஒரே ஒரு கீர்த்தனை கற்றுக்கொண்டாராம். முகாரி ராகம். ‘நாளை இருப்போமோ நெஞ்சே’ என்று பல்லவி. சரணத்தில் சுடுகாடே வந்துவிடும். குரல் மட்டும் தேன். அதுதான் வம்பு. காதைப் பொத்திக்கொள்ளவும் மனசு வராது.

சாலை வளையும் இடங்களில்தான் பல்லவியை எடுப்பார்.

“அண்ணே, ரோட்டப் பாத்து ஓட்டுங்கலா! நாளைக்கு நான் கட்டாயம் இருக்கணும், மவளுக்கு நிச்சயதார்த்தம்!” என்று ஓர் அக்கா கத்தினார்.

“இருப்பீங்கக்கா. நான் பொதுவாத்தான் பாடுறேன்.”

மறுநாள் அந்த நிச்சயதார்த்தத்துக்கும் போய்ப் பாடினார். மாப்பிள்ளையின் தாத்தா பேரனைப் பக்கத்தில் அழைத்து, தன் கடைசி ஆசைகளை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

என் அப்பாவுக்கு அந்தப் பாட்டு ஆகவே ஆகாது. “யோவ், வேற பாட்டே கெடைக்கலையா ஒனக்கு? வெளங்குமாய்யா!” என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து திட்டுவார். அண்ணன் சிரித்துக்கொண்டே அனுபல்லவிக்குப் போய்விடுவார்.

ஒருநாள் கோப்பெங்கில் உறவினரைப் பார்த்துவிட்டு, நானும் அப்பாவும் அவர் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். சரணத்தின் நடுவில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் தோளில் சாய்ந்தார். பாட்டு சட்டென்று நின்றது. பஸ்ஸே அண்ணனைக் கொலைகாரனைப் போல் பார்த்தது.

அவர் எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியை நோக்கிப் பறந்தார். இறங்க வேண்டியவர்கள்கூட மணி அடிக்கவில்லை. ஒரு சீன அம்மா, “ச்சப்பாட்லா, ச்சப்பாட்!” என்று மலாயில் சீக்கிரம் போகச் சொல்லி அவரை விரட்டிக்கொண்டே தன் கைவிசிறியால் அப்பாவுக்கு விசிறினார்.

அண்ணனுக்குப் பின் சீட்டில் நாங்கள் படுக்கவைத்திருந்த அப்பா மெல்லக் கண் திறந்தார். “ஏன்யா பாட்ட நிறுத்திட்ட? அவ்ளோ மோசமாவா இருக்கேன்?”

“அதெல்லாம் இல்லண்ணே.”

“அப்ப பாடு.”

“நாளை…” என்று எடுத்தார். குரல் உடைந்தது. மறுபடி எடுத்தார். வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் சாவைப் பாடியவருக்கு, எங்கள் அப்பா ஒருவருக்குப் பாட முடியவில்லை.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. படுத்தபடியே, தாளமும் சுருதியும் இல்லாமல், தானே பாடத் தொடங்கினார். வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் மனப்பாடம். பஸ் மொத்தமும் சேர்ந்து பாடிக்கொண்டே ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. வாசலில் நின்ற நர்ஸ், எத்தனை நோயாளிகள் என்று கேட்டார்.

அப்பா பிழைத்துக்கொண்டார். பாதை மாறி ஓட்டியதற்காக அண்ணனுக்குக் கம்பெனியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது வந்த சமயம் அவர் வீட்டில் இல்லை. எங்கள் வீட்டுச் சமையலறையில், அப்பாவுக்கு உப்பில்லாத கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு, “பக்கத்து வீட்ல யாரு?” என்று எவராவது கேட்டால், அப்பா யோசிக்காமல் சொல்வார்: “என் தம்பி.”