யப்பான் போனும் பஞ்சபுராணமும்

யாருக்கும் தெரியாமல் செய்ய வேண்டும் என்று என் வாழ்க்கையில் நான் மிகக் கவனமாகத் திட்டமிட்ட காரியம் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு கோயில் முழுவதற்கும் கேட்டது.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். வாசல் படலை வரைக்கும் போய்விட்டு நாலாவது தரம் இழுக்கத் திரும்பி வருவேன். இப்படிப்பட்டவளிடம் வேவு பார்க்கிற வேலையை ஒப்படைத்தது எங்கள் குடும்பம் செய்த பிழை. அந்த வேலைக்கு யப்பான் போனைக் கொண்டுபோனது நான் செய்த பிழை.

போன் வந்த கதை இது. எங்கள் ஊர் சண்டிலிப்பாய். வெளிநாட்டு போன் அங்கே ஒரு புதினமும் இல்லை. கனடா மாமா, லண்டன் பெரியம்மா என்று வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள், ஆளுக்கொன்று வந்து சேரும். ஆனால் என் சித்தப்பா யப்பானில், பழைய வாகனங்களைக் கப்பலில் ஏற்றி அனுப்புகிற இடத்தில் வேலை. ஆறு வருடத்துக்கு முன்பு லீவில் வந்தவர், தான் பாவித்த போனை எனக்குத் தந்துவிட்டுப் போனார். அதைப் போட்டவுடன் அந்த ஊர்த் தொலைபேசிக் கம்பனியின் பெயர் பளிச்சென்று வரும். எனக்கு ஒரு எழுத்தும் விளங்காது. அதை நாலு பேருக்குக் காட்டவென்றே ஒரு நாளைக்கு ஐந்து தரம் போனை நிறுத்திப் போட்டேன்.

என்னோடு படித்த ஒருத்தி, "உதே மொடல்தானேடி என்னட்டையும் இருக்கு" என்றாள்.

"உன்ரை கனடாவுக்குச் செய்தது. என்ரை யப்பானுக்குச் செய்தது" என்றேன். (வித்தியாசம் என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.)

யப்பானுக்குச் செய்தது எங்கள் சிம்மை ஏற்கவில்லை. போட்டால் விளங்காத எழுத்தில் ஏதோ திட்டியது. மானிப்பாயில் போன் திருத்துகிற ஒரு அண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு நாள் வைத்திருந்து, வியாழக்கிழமை பூட்டை எடுத்துத் தந்தார்.

"தங்கச்சி, லொக் எடுத்தாச்சு. ஆனா இந்த யப்பான் செற்றுகளிலை ஒரு விசயம் இருக்கு. கமராவிலை..."

"கமரா திறம் எண்டு தெரியும் அண்ணை" என்று சொல்லி, போனைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். அந்த மனிதர் சொல்ல வந்ததை இன்னும் அரை நிமிடம் நின்று கேட்டிருக்கலாம். என்ன அவசரம்? ஒரு அவசரமும் இல்லை. விசர்தான்.

இனி என் அக்கா வதனியின் விசயம். அக்கா கிளிநொச்சியில் ஆசிரியை, கிழமை முடிவில்தான் வீட்டுக்கு வருவாள். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அதற்கு முன் மூன்று பொருத்தம் வந்து குழம்பிப்போயிருந்தது. அதில் ஒன்றுக்கு வந்த படம் மாப்பிள்ளைக்குத் தலைமுடி இருந்த காலத்தில் எடுத்தது. நாலாவதாக அளவெட்டியிலிருந்து சிவகரன் என்பவரின் சாதகம் வந்து, நன்றாகப் பொருந்தியது. பிரதேச செயலகத்தில் உத்தியோகம். தரகர் கொண்டுவந்த படத்தில் மனிதருக்கு ஒரு மறு, ஒரு சுருக்கம் கிடையாது. முட்டைக்கு மீசை வைத்ததுபோல இருந்தார்.

எதையும் வாய்விட்டுக் கேட்காத அக்கா அன்றைக்குக் கேட்டாள்.

"உந்தப் படம் எனக்கு வேண்டாம். தன்னை ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு நினைக்கேக்கை அந்த ஆளின்ரை முகம் எப்பிடி இருக்கும் எண்டு நான் பாக்கவேணும். பாத்திட்டு ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லுறன்."

எங்கள் பக்கத்தில் பேச்சுத் தொடங்குவதற்கு முன் இப்படிக் கோயிலில் வைத்துப் பார்ப்பது வழக்கம்தான். பார்க்கிறவர்கள் பார்க்க வந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. சரிவராவிட்டால் எவருக்கும் மனவருத்தம் இல்லாமல் கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் பிடிபட்டால் கதை வேறு. "பொம்பிளை வீட்டுக்காரர் அலைஞ்சுகொண்டு வந்தவை" என்று ஊர் பேசும். சம்பந்தமும் அதோடு சரி. பார்க்கப்போகிற பொம்பிளையும் அங்கே வரக் கூடாது என்பதால் அம்மாவும் நானும் போவதென்று முடிவானது.

வெள்ளி மாலைப் பூசைக்கு அவர் அளவெட்டிக் கோயிலுக்குத் தவறாமல் வருவார் என்று தரகர் சொல்லியிருந்தார். வெளிக்கிடும்போது போனைச் சத்தம் வராத நிலையில் போட்டேன். போட்டால் போதுமா? அம்மாவின் போனிலிருந்து மூன்று தரம் அடித்துப் பார்த்தேன். மூச்சு இல்லை. வாசலில் நின்று நாலாவது தரமும் அடித்துப் பார்த்தேன். அப்போதும் இல்லை.

கோயில் வாசலிலேயே பலகை: "கைத்தொலைபேசிகளை நிறுத்தி வைக்கவும். படம் எடுக்கத் தடை." அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, திரும்பிப் போவம்."

"வாயை மூடிக்கொண்டு வா. கொக்கா வதனிக்கு என்ன சொல்லுறது?"

உள்ளே போனவுடன் அர்ச்சனை செய்வித்தோம். தட்டில் திரும்பி வந்த தேங்காய்ப் பாதிக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் போனைச் சாய்த்து வைத்து, மேலே வெற்றிலையால் மூடி, கமராக் கண் மட்டும் தெரிகிற மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். அம்மா கண்ணால் காட்டினார். தூணுக்குப் பக்கத்தில், இடுப்பில் சால்வை கட்டி, வெறும் மேலோடு நெடுவலாக ஒருவர். ஆண்கள் சட்டை கழற்றிவிட்டு நிற்கிற இடம் அது என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் களவாகப் படம் எடுக்கப்போவது, கோயிலுக்குள், சட்டை போடாத ஒரு அந்நிய ஆளை. ஐயோ, பிடிபட்டால் என்னவென்று சொல்வேன்? தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

ஆனாலும் எனக்கு ஒரு துணை இருந்தது. பேர்போன அளவெட்டி மேளம். தீபாராதனைக்குத் தவிலும் நாதஸ்வரமும் மணியும் சேர்ந்து முழங்கியபோது பக்கத்தில் நின்ற அம்மா காதுக்குள் சொன்னதே கேட்கவில்லை. அந்த முழக்கத்தில் இரண்டு தரம் அமத்தினேன். முதல் படத்தில் யாரோ ஒருவரின் மொட்டைத் தலை. இரண்டாவதில் கும்பிட்ட கைகள். முகம் விழவில்லை, ஆனால் சத்தமும் இல்லை. அதாவது, எனக்குக் கேட்கவில்லை. அந்தக் கேட்காத சத்தத்தை நம்பி எனக்குத் தைரியம் வந்தது. வாழ்க்கையில் அபூர்வமாக வருகிற சாமான், வரக்கூடாத நேரம் பார்த்து வந்தது.

பூசை முடிய, அடியார் ஒருவர் முன்னே வந்து ஐந்து பாட்டுப் பாடுவார். பஞ்சபுராணம் என்போம். அப்போது மேளம் நின்றுவிடும், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். குருக்கள் தலையசைக்க, முன்னே வந்தவர் சிவகரன். எங்கள் பக்கம் பாதி திரும்பி நின்று, கையைக் கூப்பி, கண்ணை மூடினார்.

நல்ல குரல். அதைவிட நல்ல முகம். தரகரின் படத்தில் இருந்த முட்டை இது இல்லை. நெற்றியில் ஒரு தழும்பு இருந்தது, கண்ணோரத்தில் சுருக்கம் இருந்தது, தன்னை ஒருவரும் பார்க்கவில்லை என்கிற அமைதி இருந்தது. அக்கா கேட்டது இதைத்தானே! இரண்டாவது பாட்டை முடித்து அவர் மூச்சு எடுத்த அந்த இடைவெளியில், பெருவிரலால் நன்றாக அமத்திப் பிடித்தேன்.

சடக்.

சடக் சடக் சடக் சடக் சடக்.

யப்பானுக்குச் செய்த போனில் படம் எடுக்கிற சத்தத்தை நிற்பாட்ட முடியாது. மணியடிக்கிற சத்தத்தை நிறுத்தலாம், குறைக்கலாம், என்னவும் செய்யலாம், கமராவின் சத்தம் மட்டும் முழு வீச்சில் வரும். அதிலும் அமத்திப் பிடித்தால் அடுத்தடுத்துப் படமாக எடுத்துத் தள்ளும். தையல் மெசினை மடியில் வைத்து ஓட்டியதுபோல என் தட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. விரலை எடுத்தால் நிற்கும். ஆனால் பயத்தில் என் விரல் விறைத்துப்போய், இன்னும் இறுக்கி அமத்தியது. முன்னால் நின்ற அத்தனை தலையும் திரும்பியது. மடப்பள்ளியில் நின்றவர்கூட எட்டிப் பார்த்தார்.

சிவகரன் கண்ணைத் திறந்தார். நேரே பார்த்தார். முதலில் என்னை, பிறகு தட்டை, பிறகு சடசடத்துக்கொண்டிருந்த வெற்றிலையை.

அக்காவின் நாலாவது பொருத்தம் என் கையில் சடக் சடக்கென்று முறிவதை நானே கேட்டுக்கொண்டு நின்றேன்.

அவர் கண்ணை மூடினார். மூன்றாவது பாட்டைத் தொடங்கினார், முன்னையதைவிட ஒரு சுருதி கூட்டி, கூரை அதிர. அந்த அதிர்வில்தான் என் விரல் விட்டது. திரும்பிய தலைகள் எல்லாம் அவர் பக்கம் போயின. மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் மூச்சு எடுக்கவில்லை. நாலுக்கும் ஐந்துக்கும் இடையிலும் எடுக்கவில்லை. நான் போனைத் தட்டிலிருந்து உருவிச் சேலைக்குள் ஒளிக்கும் வரைக்கும் அந்த மனிதர் விட்டுக் கொடுக்காமல் பாடினார்.

வெளியே வரும்போது கோயில் சபைக்காரர் ஒருவர் மறித்தார். "ஆற்றை போன் அது?"

"தெரியாது தம்பி. அங்காலைதான் கேட்டது" என்றார் அம்மா, நெற்றியில் பூசிய விபூதி காய முதல். (இந்தப் பொய்க்காக அம்மா ஆறு வெள்ளி விரதம் இருந்தார். எனக்கும் சேர்த்துச் சமைக்கவில்லை.)

ஓட்டோ சண்டிலிப்பாய்ச் சந்தியில் திரும்பும்போது அம்மா கேட்டார். "சந்தோசமோ இப்ப?"

வீட்டில் அக்கா வாசலிலேயே நின்றாள். அம்மா தலையிலடித்துக்கொண்டு நடந்ததைச் சொல்ல, நான் "அக்கா, நான் வேணுமெண்டு..." என்று தொடங்கி அழுதுவிட்டேன். அக்கா போனை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம் அம்மாவின் போன் அடித்தது. மாப்பிள்ளையின் தாய். அம்மா எழுந்து நின்று கதைத்தார். ஒலிபெருக்கியில் போடச் சொல்லி நான் கெஞ்சியதில் அதையும் போட்டார்.

"தரகரிட்டை விசாரிச்சுத்தான் கேக்கிறன், நேற்றுக் கோயிலிலை படம் எடுத்தது உங்கடை மகளோ?"

"ஓம்..." என்றார் அம்மா. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அது சின்னப் பிள்ளை." (எனக்கு இருபத்தாறு.)

"இல்லை, எங்கடை தம்பி சிவகரன் கேக்கிறார், அந்தப் படத்திலை ஒண்டை எங்களுக்கும் அனுப்பேலுமோ எண்டு. அவர் பாடேக்கை எடுத்த படம் எங்களிட்டை ஒண்டும் இல்லை."

அம்மா கதிரையில் இருந்துவிட்டார்.

"இன்னொண்டு. நீங்கள் அந்தரப்படாதேங்கோ. நாங்களும் போன மாசம் கிளிநொச்சியிலை உங்கடை மூத்தவவைப் பள்ளிக்கூட வாசலிலை வைச்சுப் படம் எடுத்தனாங்கள். எங்கடை போன் இஞ்சை யாழ்ப்பாணத்திலை வாங்கினது. அதாலை சத்தம் கேக்கேல்லை, அவ்வளவுதான்."

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். முகம் சிவந்து, கோபமா சிரிப்பா என்று தெரியாமல் நின்றாள். பிறகு தன் கையிலிருந்த என் போனை எனக்கு முன்னால் நீட்டினாள். அவர் பாடும்போது எடுத்தது மட்டும் முப்பத்தேழு படம். முதல் பதினெட்டில் கண்ணை மூடியிருந்தார். பத்தொன்பதாவதில் கண் திறந்திருந்தது. அதிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளினால், திகைப்பு, விளங்கியது, சிரிப்பு வந்தது, அதை விழுங்கியது எல்லாம் வரிசையாக இருந்தது.

"ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு நினைக்கிற முகம்தான் கேட்டனான்" என்றாள் அக்கா. "பாக்கினம் எண்டு தெரிஞ்ச பிறகும் உள்ள முகத்தையும் கொண்டுவந்திருக்கிறாய். உன்னைக் காட்டிக் குடுக்காமல் பாடி மூடிவிட்டாரே, எனக்கு அது காணும். ஓம் எண்டு சொல்லுறன்."

அடுத்த கிழமை மானிப்பாய் அண்ணையிடம் போய், அன்றைக்குச் சொல்ல வந்தது என்ன என்று கேட்டேன். அடுத்தவையைக் களவாகப் படம் எடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஊர் போன்களில் அப்படி வைத்திருக்கிறார்கள் என்றார். எங்கோ இருக்கிற யப்பான்காரர் என்னை மனதில் வைத்தே செய்ததுபோல இருந்தது. அண்ணையின் முகத்தைப் பார்க்க வெட்கமாகவும் இருந்தது.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் படம் எடுக்கும்போது ஒருவரும் சிரிக்கச் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் சேர்ந்து "சடக்!" என்பார்கள். சத்தம் வராத படம் கணக்கில் இல்லை என்பது அத்தானின் சட்டம். எனக்கு அவர் வைத்த பெயர் யப்பான் மச்சாள். அளவெட்டிப் பக்கம் என் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

அந்த போனை அக்கா எனக்குத் திருப்பித் தரவே இல்லை. சிம் போடாமல், சார்ஜ் மட்டும் ஏற்றி அலுமாரிக்குள் வைத்திருக்கிறாள். வீட்டில் சண்டை வந்து அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பி உம்மென்று இருந்தால், அக்கா அதை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நிற்பாள். சடக் சடக் சடக். அத்தான் திரும்ப மாட்டார். கண்ணை மூடி, கையைக் கூப்பி, அந்த மூன்றாவது பாட்டைத் தொடங்குவார். ஒரு சுருதி கூட்டி.