ஜன்னலோரக் காது

“கே… க்கு… தா?”

மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சிறுமியின் முகத்துக்கு நேராகக் குனிந்து பயிற்சி ஆசிரியர் கத்தினார். சிறுமி தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பின் பெஞ்சுப் பையனின் கையிலிருந்து பென்சில் விழுந்தது.

“கேக்குது சார்.”

பாவம், பொய் சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். வெட்கம்.

விஷயம் அவருக்குக் காலையிலேயே தெரியும். பெரிய டீச்சர் மாடிப்படியில் அவரை நிறுத்திச் சொல்லியிருந்தார். வகுப்பு பெரிய டீச்சருடையது. இன்றைய செய்முறைப் பாடத்துக்கு மதிப்பெண் போடப்போவதும் அவர்தான்.

“ஒரு விஷயம் மனசுல வச்சுக்கங்க சார். இடது காது சுத்தமா கேக்காது. வலதுல ஏதோ கொஞ்சம். ஜன்னலோரமாத்தான் உக்கார்றது. அதுக்குத் தக்கபடி பாடத்த நடத்துங்க. வெளிய சொல்லிக்கிறதில்ல, அதனால பெருசு பண்ணாதீங்க.”

“கவலைய விடுங்க டீச்சர். நான் பாத்துக்கறேன்.”

“என்ன?”

பிள்ளைகள் தடதடவென்று படியேறிக்கொண்டிருந்தார்கள். “பாத்துக்கறேன்னேன்!” என்று உரக்கச் சொன்னார்.

பார்த்துக்கொண்டுதான் ஆகவேண்டும். போன பருவத்தில் இதே செய்முறைப் பாடத்தில் தோற்றவர் அவர். ‘பாடத்தை நடத்தினார், பிள்ளைகளைப் பார்க்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இன்றும் தோற்றால் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளியே. வெளியே மாமனார் காத்திருந்தார். அவருக்கு பெயின்ட் கடை. “மாப்ள, இந்த வாத்தியார் வேலையெல்லாம் உங்களுக்கு ஒத்துவராது. கடையில ஒரு ஸ்டூல் காலியாத்தான் கெடக்கு” என்று சோற்றில் கை வைக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்வார்.

அதனால் இந்த முறை கற்றல் கொள்கைகளையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார். எந்தக் குழந்தையையும் விட்டுவிடாமல் பாடம் நடத்துவது எப்படி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

“தண்ணி! சூடானா! ஆவி ஆகும்!” என்று மறுபடியும் சிறுமியின் முகத்துக்கு நேராக முழங்கினார்.

“சார், நீங்க அவளுக்கு மட்டும் நடத்துறீங்க. எங்களுக்கு உங்க முதுகுதான் தெரியுது” என்றது ஒரு குரல்.

திரும்பினார். வகுப்பின் கோடியில், கடைசி ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரிய டீச்சர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தார். வெறுத்துவிட்டார் போலிருக்கிறது.

சரி, நடத்தைக் கொள்கை. சரியாகச் செய்தால் பரிசு கொடு, மறுபடி செய்யும். பையிலிருந்து நட்சத்திர ஸ்டிக்கர்களை எடுத்தார். சிறுமி ஒவ்வொரு முறை “கேக்குது” என்றபோதும் ஒரு நட்சத்திரம். அவள் அதை மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டையில் ஒட்டிக்கொண்டாள்.

வகுப்பு இதை வேடிக்கை பார்த்தது. பிறகு யோசித்தது.

“சார், எனக்கும் காது கேக்காது.”

“எனக்கு ரெண்டு காதுமே கேக்காது சார்!”

“ரெண்டும் கேக்காதுன்னா, நான் இப்பக் கேட்டது மட்டும் எப்படிடா கேட்டுச்சு?”

“என்ன சார்?”

கொஞ்ச நேரத்தில் அறையில் ஒருவருக்கும் காது கேட்கவில்லை. எல்லாரும் ‘ஆங்? ஆங்?’ என்று கையை நீட்டினார்கள். கொடுத்தால் தீர்ந்துவிடும், கொடுக்காவிட்டால் சண்டை. கொடுத்தார். தீர்ந்தது. பிறகு சண்டை வந்தது.

இத்தனை கூச்சலிலும் பெரிய டீச்சர் அசையவில்லை. அமைதியாக எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் பயிற்சி ஆசிரியருக்கு மாமனாரின் கடை நினைவுக்கு வந்தது. பெயின்ட் வாசனைகூட வந்தது.

அடுத்தது சக மாணவர் உதவி. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல, தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். சிறுமியை ஜன்னலைவிட்டுக் கொஞ்சம் நகர்த்தி, வலப்பக்கம் ஒருத்தி, இடப்பக்கம் ஒருத்தன்.

“நான் சொல்றத நீங்க ரெண்டு பேரும் இவ காதுல திருப்பிச் சொல்லணும். புரியுதா?”

நன்றாகவே புரிந்தது. தொண்டை கிழிய ‘ஆவி’ என்று இரண்டு பக்கமும் கத்தினார்கள். சிறுமி காதைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

“சார்! காதுக்குள்ள ங்ஙொய்ங்குது சார்!”

அடடா, இரைச்சல் வேறு இருக்கிறதா! பெரிய டீச்சர் இதைச் சொல்லவே இல்லையே என்று அவர் நொந்துகொண்டார். சாரத்தைப் பிரித்தார். “எல்லாரும் அவங்கவங்க எடத்துக்குப் போங்க!” என்று கத்தியதில் பாதியிலேயே குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

முடிந்தது கதை. தளர்ந்துபோய்க் கரும்பலகைக்குத் திரும்பினார். அங்கிருந்து பார்த்தபோதுதான் கவனித்தார். சிறுமி பெஞ்சில் எக்கி, கண்ணை இடுக்கி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உதட்டசைவைப் படிக்கிறாள்!

அவருக்குப் பொறி தட்டியது. காது எதற்கு? கண்ணால் கற்கட்டும். சத்தமே இல்லாத பாடம்!

கைக்குட்டையைத் தண்ணீரில் முக்கிக் காயப்போட்டார். கைகளை விரித்துச் சூரியன் ஆனார். விரல்களை நெளித்துக்கொண்டே நாற்காலியில் ஏறி, அங்கிருந்து மேசையில் ஏறி, நீராவி ஆனார். உச்சியில் குளிர்ந்து நடுங்கினார். பொத்தென்று தரையில் குதித்து மழையானார். ஒவ்வொன்றுக்கும் உதட்டை மட்டும் அகல அகல அசைத்தார். வகுப்பு வாயைப் பிளந்தது. ஈ பறந்தால் கேட்கும், அப்படியொரு அமைதி.

சிறுமி மட்டும் இரண்டு மூன்று தடவை கையைத் தூக்கினாள். அவர் உதட்டில் விரல் வைத்து அடக்கிவிட்டு மறுபடியும் ஆவியானார்.

மணி அடித்தது. பெரிய டீச்சர் முகமெல்லாம் சிரிப்பாக முன்னால் வந்தார்.

“மொதல்ல ஏதோ குழப்பமாத்தான் இருந்துச்சு. ஆனா கடைசியில பண்ணீங்க பாருங்க, பிரமாதம்! ஒண்ணு விடாம புரிஞ்சுது. காலைல சொன்னத மனசுல வச்சு செஞ்சீங்களே, அதுதான் பெருசு. இதுக்கு முந்தி வந்தவங்க ஒருத்தர்கூட மதிச்சதில்ல. பாஸ் போட்டுட்டேன், போய் நிம்மதியா இருங்க சார்.”

கையெழுத்திட்ட தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பயிற்சி ஆசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமனாரின் ஸ்டூல் காலியாகவே கிடக்கட்டும்.

நேராகச் சிறுமியிடம் போய் மண்டியிட்டார். கண் கலங்கியிருந்தது. போன குரலில் மிச்சமிருந்ததைத் திரட்டி, உதட்டை அகலமாக அசைத்துச் சொன்னார்.

“காது… கேக்கலன்னா… என்னம்மா? பாடம்… புரிஞ்சுதுல்ல?”

சிறுமி அவரை நெருங்கி வந்து முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“எனக்குக் காதெல்லாம் நல்லாத்தான் சார் கேக்கும். கண்ணுதான் தூரத்துல இருக்கறது தெரியாது. பெரிய டீச்சர்கிட்ட எத்தனையோ தடவ சொல்லிட்டேன், ஆனா அவங்களுக்குத்தான் காது கேக்காதே!”