ஊதாச் சேலையும் ஏழாம் மலைத் தேத்தண்ணியும்

ஊவா மாகாணத்துக்கு வந்துசேர்ந்த மூக்குகளிலேயே மிகப் பெரிய மூக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து டீமேக்கருடையது. அளவைச் சொல்லவில்லை. அளவில் அது சாதாரண யாழ்ப்பாணத்து மூக்குதான். அதன் வேலையைச் சொல்கிறேன். ஆபீஸ் வாசலில் நின்றபடியே, உள்ளே இருக்கும் பெரிய கிளாக்கரின் காலைச் சாப்பாட்டைச் சொல்லிவிடுவார். "இண்டைக்கு உங்கட வீட்டில கருவாடு. உப்புக் கூடிப்போச்சு" என்பார். பெரிய கிளாக்கர் மத்தியானம் வீட்டுக்குப் போய் மனைவியோடு சண்டை பிடிப்பார்.

தாய் தகப்பன் வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்தது. அதை யாரும் உபயோகித்ததாக ஞாபகம் இல்லை. லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் அவரை மூக்கையா என்றார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "காதையா எண்டு சொல்லாத வரைக்கும் சரி" என்று விட்டுவிட்டார்.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே, மேகத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தது எங்கள் தோட்டம். ஐம்பதுகளின் நடுவில் நான் அங்கே சின்னக் கிளாக்கர். ஜன்னலைத் திறந்து வைத்தால் மேகம் ஆபீசுக்குள் வந்து பைல்களின் மேல் உட்கார்ந்துகொள்ளும். எதிர் மேசையில் இருக்கும் பெரிய கிளாக்கர் கொஞ்ச நேரம் காணாமல் போவார். பிறகு திரும்பி வருவார். அவர் இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் கண்ட கனவுகளுக்குக் கணக்கே இல்லை.

கொழுந்தைத் தேயிலையாக்கும் ஸ்டோர் முழுக்க மூக்கையாவின் ராஜ்யம். அங்கே வேலை செய்கிறவர்கள் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. வாசனைச் சோப்புப் போடக் கூடாது. பீடி குடித்தவன் மூன்று மணி நேரம் வெளியே காற்று வாங்க வேண்டும். பலாப்பழம் என்ற சொல்லைச் சொன்னாலே முகம் சுளிப்பார். ஒரு முறை கொழும்பிலிருந்து வந்த வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி சென்டு பூசிக்கொண்டு ஸ்டோரைப் பார்க்க வந்துவிட்டாள். இவர் வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்று, "அம்மா, நீங்கள் போயிடுவியள். உங்கட மணம் தேயிலையோட லண்டன் வரைக்கும் போகும்" என்றார். மொழிபெயர்க்கச் சொன்னார்கள். நான் பயத்தில், "உள்ளே பாம்பு இருக்கிறதாம்" என்று சொல்லிவைத்தேன்.

உருட்டிய கொழுந்து தட்டில் பரவி செம்பு நிறத்துக்கு மாறும்போது அவர் அதன் மேல் குனிந்து கண்ணை மூடிக்கொள்வார். பத்து நிமிஷம், இருபது நிமிஷம் அப்படியே நிற்பார். தூங்குகிறாரா, கனவு காண்கிறாரா என்று தெரியாது. தொட்டு எழுப்ப ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. திடீரென்று "இப்ப!" என்று கத்துவார். ஆட்கள் ஓடிப்போய்க் கொழுந்தை அடுப்புப் பக்கம் அள்ளுவார்கள். மணிக்கூடு ஒன்று சுவரில் தொங்கியது. அதை அவர் நம்பியதில்லை.

இதையெல்லாம்விட வினோதமான பழக்கம் ஒன்று உண்டு. டீமேக்கர்மார் ஸ்டோரை விட்டு வெளியே வர மாட்டார்கள். இவர் மட்டும் தினமும் நாலு மணிக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வருவார். வரிசையாக வைத்திருக்கும் கூடைகளில் ஒவ்வொன்றாக மூக்கை நுழைப்பார். பிடித்த கூடை ஒன்றிலிருந்து சில கைப்பிடியைத் தன் துண்டில் முடிந்துகொண்டு போய்விடுவார். அந்தக் கொழுந்தைத் தன் வீட்டு விறாந்தையில் தானே வாட்டி, கையாலேயே உருட்டி, கரி அடுப்பில் காயவைப்பார். இரண்டு நாள் கழித்து ஒரு கிளாஸ் தேத்தண்ணியை மூடிக்கொண்டு மடுவத்துக்கு வருவார். "எடுத்த கைக்கு முதல் மிடறு" என்று அந்தப் பெண்ணிடம் நீட்டுவார்.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நல்ல தேயிலை முழுக்கக் கப்பல் ஏறியது. எடுத்தவர்களுக்கு லயத்தில் கிடைத்தது தூசி. தான் எடுத்த கொழுந்து என்ன ருசி என்று தெரியாமலே முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவர்கள் அங்கே இருந்தார்கள். ஒருத்தி குடித்து முடித்ததும் காலி கிளாஸ் கை மாறும். எல்லாரும் அதை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

மிச்சத் தேயிலையைச் சின்ன டப்பாவில் போட்டு, மூடியில் பேர் எழுதித் தன் அலுமாரியில் வைப்பார். 'இராக்கம்மா, ஏழாம் மலை' என்று எழுதிய டப்பாவை ஒருநாள் இராக்கம்மாவே பார்த்துவிட்டாள். நாற்பது வயது, நல்ல உயரம், குரல் இரண்டு மலைக்குக் கேட்கும். ஆனால் எழுத்து வாசிக்கத் தெரியாது.

"கிளாக்கரய்யா, இதுல என் பேரா இருக்கு?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஆமா, ராக்கம்மா. உன் பேருதான்."

"முழுசாவா?"

"முழுசா."

அவள் பேரை அதற்கு முன் ஒரு தடவைதான் யாரோ முழுசாக எழுதியிருந்தார்கள், பிரஜாவுரிமை விண்ணப்பத்தில். அது சரியில்லை என்று திரும்பி வந்துவிட்டது. அவள் அந்த மூடியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த தோட்டத்தைக் கெடுத்தவன் நான்.

தோட்டத்தை நிர்வகிக்கப் புதிதாக ஒரு தொரை வந்தார். நிறுவையில் விழும் றாத்தலைத் தவிர வேறெதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது. "கொழுந்து கூட வேண்டும். என்ன வழி?" என்று என்னைக் கேட்டார். நான் அப்போது பண்டாரவளைச் சிநேகிதன் ஒருவனிடம் இரவல் வாங்கிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைப் பாதி படித்திருந்தேன். பரிசு கொடுத்தால் வேலை கூடும் என்பது அந்தப் பாதியில் இருந்தது. மற்றப் பாதியில் என்ன இருந்ததென்று இன்றுவரை தெரியாது. "வாரத்தில் அதிக நிறை எடுப்பவளுக்கு ஒரு சேலை கொடுக்கலாம்" என்றேன். தொரை என் முதுகில் தட்டினார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

பதுளை ஜவுளிக்கடை நானாவிடம் ஒரு பொதி சேலை வாங்கினோம். "நல்ல சாமான் தொரை, சாயம் போனா என்னயக் கேளுங்க" என்றார் நானா. எல்லாம் ஒரே ஊதா நிறம், ஒரே மஞ்சள் கரை. ஒன்றை மடுவத்துக் கூரை வளையில் தொங்கவிட்டோம். அது ஆடியது. கூடவே எழுபது பெண்களின் கண்ணும் ஆடியது.

ஆடி மாதம் அது. கச்சான் காற்று பிறந்திருந்தது. ஊவாவில் தேயிலை தெரிந்தவர்கள் வருஷம் முழுக்கக் காத்திருப்பது அந்தக் காற்றுக்குத்தான். மண் காயும், கொழுந்து குறையும், ஆனால் குறைந்த கொழுந்தில் ஒரு மணம் ஏறும். அந்த மணத்துக்குத்தான் ஊவாத் தேயிலைக்கு மதிப்பு. நிறையே இல்லாத மாதத்தில் நிறைக்குப் பரிசு வைத்த மேதை நான் ஒருவன்தான்.

முதல் வாரம் இராக்கம்மா சேலையை வென்றாள். இரண்டாம் வாரம் கூடைக்குள் முத்தல் இலை, காம்பு, குச்சி எல்லாம் வந்தன. மூன்றாம் வாரம் கூடைகள் ஓடையில் குளித்துவிட்டு வந்தன. ஒரு கூடையைக் கொட்டியபோது தவளை ஒன்று எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குதித்துப் போனது. அடுத்ததில் அம்மிக் குழவி. "ஐயோ, இது எப்படிங்க இதுல வந்துச்சு?" என்று அதன் சொந்தக்காரியே ஆச்சரியப்பட்டாள். மூக்கையா மடுவத்துக்கு வந்து எல்லாக் கூடையிலும் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, வெறும் துண்டோடு திரும்பிப் போனார். கிளாஸ் வரவில்லை.

கொழும்பில் தேயிலையை ருசி பார்க்கிறவர்களிடமிருந்து கடிதம் வந்தது. கச்சான் காலத்துத் தேயிலையில் வைக்கோல் ருசி இருக்கிறதாம். தொரைக்கு முகம் சிவந்துவிட்டது. பழி முழுக்க டீமேக்கர் தலையில். இன்னும் இரண்டு வாரத்தில் போகும் தேயிலையும் இப்படியே இருந்தால் வேலையை விட்டு நீங்க வேண்டும் என்று ஒரு கடிதம். அதை டைப் அடித்தவன் நான்.

வேலை போனால் அந்த மனிதர் எங்கே போவார்? யாழ்ப்பாணத்தில் அவருக்கென்று யாரும் இல்லை. அதோடு, அங்கே தேயிலையும் இல்லை.

கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பிரிக்காமல் முதலில் மோந்து பார்த்தார்.

"தம்பி, இதில உம்மட கை வேர்வை மணக்குது. நீர் பயந்து பயந்து அடிச்சிருக்கிறீர்."

"ஐயா, அந்தச் சேலை யோசனை என்னோடதுங்க" என்றேன். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"ஓம், தெரியும். தொரையின்ர மண்டையில அப்பிடி ஒண்டு வாறதுக்கு இடமில்லை." கடிதத்தைப் படித்தார், மடித்தார். "சரி, அழாதையும். உம்மட வீட்டில பெரிய கேத்தில் இருக்கே?"

மறுநாள் காலை பத்து மணிக்கு ஏழாம் மலையில் நடந்ததைக் கண்ணால் கண்டும் நான் நம்பவில்லை. மேகத்துக்குள்ளிருந்து கேத்திலோடு டீமேக்கர் வந்தார். பின்னால் கிளாஸ்களோடும் கொதிதண்ணீரோடும் நான். டீமேக்கர் மலையேறி வந்ததை அந்தத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. கங்காணி தொப்பியைக் கழற்றினார்.

மூக்கையா இராக்கம்மாவிடம் ஒரு கிளாஸை நீட்டினார். அவள் ஒரு மிடறு குடித்து, தூவென்று துப்பினாள்.

"என்னங்க ஐயா இது, மாட்டுக்கு வச்ச தண்ணியா?"

"உங்கட கூடைதான் பிள்ளை. போன கிழமை ஸ்டோருக்கு வந்ததில ஒரு பிடி எடுத்து வைச்சனான்."

எல்லாரும் சிரித்தார்கள். இராக்கம்மா சிரிக்கவில்லை. மூக்கையா தன் மடியிலிருந்து அவள் பேர் எழுதிய டப்பாவை எடுத்தார். கச்சான் தொடங்கிய முதல் வாரம், சேலை தொங்குவதற்கு முந்தி எடுத்த கொழுந்து. நிதானமாகக் கொதிதண்ணீர் விட்டுச் சாயம் இறக்கி இன்னொரு கிளாஸில் ஊற்றினார்.

"இதுவும் உங்கட கைதான். குடிச்சுப் பாருங்கோ."

அவள் குடித்தாள். பிறகு அந்தக் குரல், இரண்டு மலைக்குக் கேட்கிற குரல், எங்களுக்கே கேட்காத மாதிரி வந்தது.

"இது நானுங்களா?"

"ஓம் பிள்ளை. இது நீங்கள்தான்."

தன்னைத் தொரை விரட்டப்போகிறார் என்பதை மூக்கையா சொல்லவே இல்லை. கிளாஸ் கை மாறிக்கொண்டிருந்தபோது நான்தான் உளறிவிட்டேன். எல்லாரும் மூக்கையாவைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கையையும் காலையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பக்கத்துச் செடியில் நாலு பிடி பறித்து, உதவி செய்கிற எண்ணத்தில் இராக்கம்மாவின் கூடையில் போட்டேன். அவள் பார்த்துவிட்டு அதை அப்படியே அள்ளி வெளியே கொட்டினாள்.

"கிளாக்கரய்யா, இது கொழுந்தில்லீங்க. எல. நீங்க ஆபீசுக்குப் போங்க."

அடுத்த இரண்டு வாரம் கூடைகள் இறகு மாதிரி வந்தன. இரண்டு இலை, ஒரு மொட்டு, அதற்கு மேல் ஒரு காம்புகூடக் கிடையாது. தொரை மடுவத்துக்கே வந்துவிட்டார்.

"ராக்கம்மா! என்ன கொறஞ்சி போச்சி? சேலை வேணாம்?"

"எனக்கு ஒண்ணு இருக்குங்க தொரை. ரெண்டு சேலைய ஒண்ணாக் கட்ட முடியாதுங்களே."

அந்த வாரம் சேலையை வென்றவள் பேச்சி. முப்பது வருஷமாக நிறுவையில் கடைசியாக வருகிறவள். எப்போதும் எடுக்கிற அளவைத்தான் எடுத்திருந்தாள். மற்ற எல்லாரும் குறைத்ததால் முதலிடத்துக்கு வந்துவிட்டாள். தன் பேரைக் கூப்பிட்டதும் ஏதோ குற்றம் செய்துவிட்டதாக நினைத்து அழுதாள்.

கொழும்புக் கடிதம் வந்தது. அந்தப் பருவத்தில் இப்படி ஒரு மணம் வேறெந்தத் தோட்டத்திலிருந்தும் வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். தொரை என்னைக் கூப்பிட்டுக் கையைக் குலுக்கினார். "உன் சேலை யோசனை பலித்துவிட்டது. இன்னொரு பொதி வாங்கு" என்றார். உண்மையை எடுத்துச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. மூக்கையாவின் வேலை தப்பியது போதும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவரிடம் போய்ச் சொன்னபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "தொரையும் வேலைக்காரன்தானே தம்பி. அவருக்கும் ஒரு சேலை வேணும்" என்றார்.

இரண்டாவது பொதியும் வந்தது. கட்ட ஆளில்லாத அந்தச் சேலைகள் பிள்ளைகளுக்குத் தொட்டிலாயின. லயத்துப் பக்கம் போனால், மேகத்துக்குள் வாசலுக்கு வாசல் ஊதாத் தொட்டில் ஆடும். இன்றைக்கும் கண்ணை மூடினால் எனக்கு அதுதான் தெரிகிறது.

அடுத்த வருஷம் எனக்குப் பூனாகலைப் பக்கம் மாற்றல் கிடைத்தது. புறப்படுகிற அன்று மூக்கையா ஒரு கிளாஸை மூடிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். வாங்கிக் குடித்தேன். வாயில் வைக்க முடியவில்லை.

"எப்பிடி?"

"ரொம்ப மோசங்க ஐயா. இது யாரு எடுத்தது?"

அவர் ஒரு சின்ன டப்பாவை மேசையில் வைத்தார். மூடியில் என் பேர் முழுசாக இருந்தது. கீழே, 'ஏழாம் மலை'. இராக்கம்மா வெளியே கொட்டிய நாலு பிடியை அவர் அன்றைக்கே துண்டில் முடிந்துகொண்டு போயிருக்கிறார்.

"எடுத்த கைக்கு முதல் மிடறு" என்று சொல்லிவிட்டு, ஸ்டோருக்கு நேரமாகிறது என்று மேகத்துக்குள் நடந்து போய்விட்டார்.

ஓய்வு பெற்றபோது கம்பெனியில் எனக்கு ஒரு தங்க முலாம் கடிகாரம் கொடுத்தார்கள். அது எங்கே கிடக்கிறதென்று மனைவியைத்தான் கேட்க வேண்டும். டப்பா என் மேசையில் இருக்கிறது. அதில் தேயிலை தீர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் காலையில் எழுதுவதற்கு உட்காரும்போது மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுகிறேன்.