பீட்டில்ஸுக்கு ஒரு மாடி அறை

"இந்த சீசனுக்கு மாடி அறைக்குள்ள ஒரு ஈரத்துண்டு கூட ஏறக்கூடாது. சொல்லிட்டேன்."

தாணு இதை நின்றுகொண்டுதான் சொன்னார். உட்கார்ந்து சொன்னால் மனைவி ஜோதிலட்சுமி காதில் வாங்கமாட்டாள். நின்று சொன்னாலும் வாங்கமாட்டாள்தான். ஆனால் உட்கார்ந்திருந்தால் "கால எடுங்க, பெருக்கணும்" என்பாள். நின்றால் அந்த ஒரு அவமானமாவது மிச்சம்.

குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசிக்காரர்களுக்குச் சொந்தபந்தம் பெருகிவிடும். தை மாதம் கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள்கூட ஆனி மாதம் போன் போட்டு, "நல்லா இருக்கீங்களா? சாரல் இருக்கா?" என்பார்கள். முதல் கேள்விக்குப் பதில் வருகிறதா என்று பார்க்கமாட்டார்கள். தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையில் மாடி வைத்து வீடு கட்டிய தாணுவின் கதி இன்னும் மோசம். அருவிக்கு அருவியும் பக்கம், படுக்க இடமும் உண்டு.

ஜோதிலட்சுமியின் தம்பி கடற்கரை வருஷா வருஷம் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வருவான். குடும்பம் என்றால் பதினோரு பேர். சாரல் நேரத்தில் ஒரு கைக்குட்டை காய்வதற்கே மூன்று நாள் ஆகும். பதினோரு பேரின் துண்டு, லுங்கி, நைட்டி எல்லாம் மாடி அறையில்தான் தொங்கும்.

அந்த அறையில்தான் தாணுவின் உயிர் இருந்தது. மின்வாரியத்தில் குன்னூரில் வேலை பார்த்த காலத்தில், ஒரு எஸ்டேட் மேனேஜர் வீட்டைக் காலி செய்தபோது வாங்கிய பழைய பாட்டு ரெக்கார்டுகள். முக்கால்வாசி பீட்டில்ஸ் என்கிற இங்கிலாந்து நாலு பேர் கோஷ்டியின் பாட்டு. அவற்றைப் போட்டுக் கேட்க ஒரு பிளேயர். போன வருஷம் அந்த பிளேயரில் கடற்கரையின் பேத்தி ஒரு அப்பளத்தை வைத்துச் சுற்றவிட்டாள். அப்பளம் நன்றாகத்தான் சுற்றியது. அதற்குப் பிறகு நாலு மாதம் ரெக்கார்டுகள்தான் எண்ணெய் வாசத்தோடு பாடின.

"கடற்கரைய வரச் சொல்லிட்டேனே" என்றாள் ஜோதிலட்சுமி.

"எப்ப சொன்ன?"

"போன வருஷம் அவன் ஊருக்குப் போகும்போதே சொல்லிட்டேன்."

அதற்குள் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எழும்பியது. அகமது கபீர். முப்பது வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஒரு வெள்ளைக்கார மேலாளரோடு காரில் போய்ப் போய், அதில் ஓடிய ரோலிங் ஸ்டோன்ஸ் என்கிற இன்னொரு இங்கிலாந்துக் கோஷ்டியின் பைத்தியமாகத் திரும்பி வந்தவர். உலகத்தில் எத்தனையோ பக்கத்து வீடுகள் இருக்க, இரண்டு பேருக்கும் ஒரே மதில் வாய்த்திருந்தது.

"என்ன வே, காலங்காத்தால சத்தம்? உம்ம பீட்டில்ஸ் மறுபடியும் பிரிஞ்சிட்டாங்களா?"

"பிரிஞ்சாலும் பேரோட பிரிஞ்சாங்க வே."

"பத்து வருஷத்துல கடைய சாத்திட்டுப் போனவங்க பேரு என்ன பேரு? எங்க ஆளுங்க அறுபது வருஷமா ஷட்டர இறக்கல."

"பத்து வருஷத்துல உலகத்தையே திருப்பிப் போட்டாச்சு. பெறகு எதுக்குக் கடை?"

இது தினமும் நடப்பது. பால்காரர் வந்து போவார், குப்பை வண்டி வந்து போகும், இது மட்டும் போகாது. ஜோதிலட்சுமி பீட்டில்ஸை 'வண்டுக் கோஷ்டி' என்பாள். ஸ்டோன்ஸை 'கல்லுக் கோஷ்டி' என்பாள். இரண்டு கோஷ்டியும் ஒரே நாளில் தொலைந்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்தாள். அது நல்ல அறிகுறி இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் ஒரு பட்டிமன்றம் வச்சுக்கிட்டா என்ன?"

"பட்டிமன்றமா?"

"ஆமா. நீங்க ஜெயிச்சா மாடிக்குப் பூட்டு போட்டு சாவிய நீங்களே வச்சுக்கிடுங்க. கடற்கரைய லாட்ஜுக்குப் போகச் சொல்லிருதேன். தோத்தா வாயத் திறக்கக் கூடாது."

தாணுவுக்குக் காதை நம்ப முடியவில்லை. "நடுவர் யாரு?"

"நூர்நிஷா அக்கா."

நூர்நிஷா, கபீரின் மனைவி. தாணுவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. கபீர் சொன்ன ஒன்றை நூர்நிஷா ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. அவர் மழை என்றால் குடையை மடக்குகிற பெண். அறை கைக்கு வந்த மாதிரிதான்.

"ஆனா ஒண்ணு" என்றாள் ஜோதிலட்சுமி. "நீங்க கல்லுக் கோஷ்டிக்குப் பேசணும். கபீர் அண்ணாச்சி வண்டுக் கோஷ்டிக்குப் பேசணும்."

"அது எப்படிட்டி?"

"அவங்கவங்களுக்குப் பிடிச்சதப் பேசுறதத்தான் தெனமும் கேக்கோமே! டிவில பேசுறவங்கல்லாம் நடுவர் எந்தப் பக்கம் உக்கார வச்சாலும் அந்தப் பக்கத்துக்குப் பேசுதாங்கள்லா? அதுதான் பட்டிமன்றம். நீங்க தெனமும் போடுறது வெறும் சண்டை."

தாணுவுக்குத் தலை சுற்றியது. பீட்டில்ஸ் ரெக்கார்டைக் காப்பாற்ற பீட்டில்ஸைத் தோற்கடிக்க வேண்டும். ஸ்டோன்ஸ்தான் பெரிது என்று நிரூபித்தால் பீட்டில்ஸுக்கு ஒரு அறை கிடைக்கும். பெரிது இல்லை என்று ஆகிவிட்ட பிறகு அவர்களுக்கு அறை எதற்கு? ஒரு காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தார். கோடு ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போனது.

ஆனாலும் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

மறுநாள் ஐந்தருவியில், தலையிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு இரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள்.

"பீட்டில்ஸப் பத்தி எனக்கு என்ன வே தெரியும்?" என்றார் கபீர். "நாலு நல்ல பாயிண்டு எடுத்துக் கொடும். நான் ஸ்டோன்ஸுக்குக் கொடுக்கேன்."

தான் சொல்ல நினைத்ததைக் கபீரே கேட்டுவிட்டதில் தாணு முகத்தைக் கஷ்டப்பட்டு நேராக வைத்துக்கொண்டார். இருக்கிறதிலேயே சொத்தைப் பாயிண்டாகப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார். கபீர் அருவிச் சத்தத்தில் "என்னது? என்னது?" என்று கேட்டு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு தாணுவுக்கு அவர் கொடுத்த பாயிண்டுகளும் சொத்தையாகத்தான் இருந்தன. தாணு கவலைப்படவில்லை. முதலில் பேசப்போவது கபீர். அவர் பேசி முடித்ததுமே ஆட்டம் முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாணு வீட்டுக் கூடத்தில் பட்டிமன்றம். வெளியே சாரல். தெருவில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். சுக்குக் காப்பி உண்டு என்று ஜோதிலட்சுமி சொல்லிவைத்திருந்தாள். நூர்நிஷா நடுவில் உட்கார்ந்து, ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டினாள்.

"அறுபதுகள்ல பாட்டுலகத்தை ஆண்டது யாரு? பீட்டில்ஸா, ஸ்டோன்ஸா? பீட்டில்ஸ் அணிக்கு எங்க வீட்டு ஆளு. வாங்க, சுருக்கப் பேசுங்க. இன்னைக்காவது."

கபீர் தொண்டையைச் செருமினார்.

"மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! பீட்டில்ஸ் ஏன் பெருசு? ஒண்ணு, அவங்களுக்கு முடி நல்லா அடர்த்தி."

"முடிக்காகப் பாட்டு கேக்கணும்னா சலூன்லயே உக்காந்துக்கிடலாமே?" என்றாள் நூர்நிஷா. கூடம் சிரித்தது.

"ரெண்டு, நாலு பேரும் ஒரே துணியில கோட்டு தைப்பாங்க."

"எங்க ஊர்ப் பேண்டு வாத்தியக்காரங்களும் அப்படித்தான் தைக்காங்க" என்றாள் எதிர்வீட்டுப் பிச்சம்மாள். சிரிப்பு கூரையை முட்டியது.

"மூணு, நம்ம ரிஷிகேஷுக்கு வந்தாங்க. அதுல ஒருத்தருக்கு சாப்பாடு ஒத்துக்கல. போயிட்டாரு."

பிச்சம்மாளுக்குச் சுக்குக் காப்பி புரையேறியது. தாணு சந்தோஷப்படவேண்டிய நேரம். திட்டம் கச்சிதமாக நடந்துகொண்டிருந்தது. சாவி கண் முன்னால் ஆடியது. ஆனால் அவரால் அந்தச் சிரிப்பில் சேர முடியவில்லை. சிரிக்கிறார்களே! யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்! பல்லைக் கடித்துக்கொண்டார். இன்னும் ஐந்து நிமிஷம் பொறுத்தால் போதும்.

அப்போது ஜோதிலட்சுமி பிச்சம்மாள் பக்கம் சாய்ந்தாள். ரகசியம்தான் சொன்னாள். கூடம் முழுக்கக் கேட்டது.

"பாவம். இவ்வளவுதான் போல. இதையா எங்க வீட்டுக்காரரு முப்பத்தஞ்சு வருஷமாப் பெருசுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு?"

"நிறுத்தும் வே!"

தாணு எழுந்தது தாணுவுக்கே தெரியாது.

"முடியாம் கோட்டாம்! உம்ம ஸ்டோன்ஸ் தொடங்கின காலத்துல ஒரு பாட்டு எழுதிக் கொடுத்துத் தூக்கிவிட்டதே பீட்டில்ஸ்தான், தெரியுமா? பாப் பாட்டுக்குள்ள சித்தாரக் கொண்டு வச்சது யாரு? கத்துற கூட்டத்துல அவங்க பாட்டே அவங்களுக்குக் கேக்கலன்னு மேடைய உதறிட்டு, ஸ்டூடியோவே கதின்னு உக்காந்து புதுசு புதுசாச் செஞ்சது யாரு? தானே எழுதித் தானே மெட்டுப் போட்டுத் தானே பாடலாம்னு ஊரு ஊருக்குப் பையன்கள் கிளம்பினானுவளே, யாரைப் பார்த்து?"

இருபது நிமிஷம் பேசினார். யாரும் சிரிக்கவில்லை. காப்பி ஆறியது. கடைசியில் கூடமே கைதட்டியது. பிச்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கபீருக்குப் பொறுக்கவில்லை. அவரும் தான் எந்த அணி என்பதை மறந்து எழுந்தார். "என்ன வே பெரிய பீட்டில்ஸ்? சண்டை போட்டாலும் சேர்ந்தே நிக்கது பெருசா, பிரிஞ்சு போறது பெருசா?" என்று ஸ்டோன்ஸுக்காக மூச்சு வாங்கப் பேசினார்.

டங், டங் என்று டம்ளர் அதிர்ந்தது.

"தீர்ப்பு" என்றாள் நூர்நிஷா. "தாணு அண்ணாச்சி பீட்டில்ஸ்தான் பெருசுன்னு அசைக்க முடியாமச் சொல்லிட்டாங்க. எங்க வீட்டு ஆளு கடைசியில என்னமோ சொன்னாரு. அவரு சொல்லுறத நான் எப்பவும் காதுல வாங்குறதில்ல. அதனால பீட்டில்ஸ் அணியே வெற்றி!"

"ஜெயிச்சாச்சு!" தாணு துள்ளிக் குதித்தார். கபீரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கபீர் முகம் செத்துப்போயிருந்தது.

"பீட்டில்ஸ் அணித் தலைவர் நான்லா?" என்றார் கபீர் மெதுவாக. "அப்ப ஜெயிச்சது நானா?"

"ஆமா."

"பெறகு எனக்கு ஏன் வே அழுகையா வருது?"

தாணு குலுக்குவதை நிறுத்தினார். கை கபீரின் கைக்குள் அப்படியே நின்றது. பீட்டில்ஸ் ஜெயித்தது. அதை ஜெயிக்க வைத்தது அவர். ஆனால் அவர் இருந்தது ஸ்டோன்ஸ் அணி. ஸ்டோன்ஸ் தோற்றது. அதைத் தோற்கடித்ததும் அவர். விரலை விட்டு எண்ணிப் பார்த்தார். எங்கே ஆரம்பித்தாலும் அதே விரலில் வந்து முடிந்தது.

கூட்டம் கலைந்தது. ஜோதிலட்சுமி காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தாணு அவள் பின்னாலேயே அடுக்களைக்குப் போனார்.

"ஜோதி, ஒண்ணு மட்டும் சொல்லு. நான் ஜெயிச்சேனா, தோத்தேனா?"

"உங்க ஆளுங்க ஜெயிச்சாங்க. நீங்க தோத்தீங்க. ரொம்ப அழகாப் பேசுனீங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு."

கல்யாணமான முப்பத்தஞ்சு வருஷத்தில் அவள் அவரைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. தாணுவுக்கு என்ன கேட்க வந்தோம் என்பதே மறந்துபோனது.

"நெசமாவா?"

"நெசமாத்தான். வாங்க, மாடியில பாய் விரிக்க ஒரு கை பிடிங்க. பதினோரு பேரு படுக்கணும். உங்க நாலு பேரையும் கட்டிலுக்கு அடியில தள்ளிருங்க."