தொட்டிக்குக் காய்ச்சல்

இனி எவன் கையையும் எதிர்பார்த்துப் பிழைப்பதில்லை என்று பேச்சிராஜா முடிவு செய்தபோது, கலைச்செல்வி சுட்ட ஐந்தாவது இட்லியைத் தின்றுகொண்டிருந்தான்.

பொங்கலுக்கு முன்னால் கான்ட்ராக்டரோடு தகராறு. பாதி வாழ்நாள் பைப் ஃபிட்டராக உழைத்தவனை, நேற்று வந்த பையன்கள் முன்னால் அந்த மனுஷன் ‘புட்டா’ என்று கூப்பிட்டுவிட்டான். கிழவன் என்ற சொல் தமிழில் வந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பான். ரெஞ்சை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். கூப்பிட ஆள் வரும் என்று காத்திருந்தான். ஆள் வரவில்லை. ஃபோன் வந்தது, லோன் வேண்டுமா என்று கேட்டு.

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்பில் அவர்களுக்கு ஓர் அறை, அதற்கு மேல் ஒரு தகரக் கூரை, மூலையில் ஒரு மோரி. குளிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அந்த மோரியில்தான். கலைச்செல்வி விடியுமுன்னே இட்லி அவித்துச் சந்து முனையில் விற்றுவிட்டு வருவாள். அதில்தான் வீடு ஓடியது. பேச்சிராஜா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். சுவருக்கும் அலுத்துப்போயிருக்கும்.

அப்படி உட்கார்ந்து ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் மண் இல்லாத விவசாயம் கண்ணில் பட்டது. பைப்பில் ஓட்டை போட்டுச் செடியை வைக்க வேண்டும். தொட்டியிலிருந்து உரத்தண்ணீர் பம்பில் ஏறிப் பைப்பெல்லாம் சுற்றித் திரும்பவும் தொட்டிக்கே வந்துவிடும். பைப் என்றதும் அவனுக்கு உயிர் வந்தது. மிச்சம் கிடந்த பைப்புகளைத் தகரத்துக்கு மேலே பரப்பினான். பக்கத்திலேயே நீல டிரம். பாலக்கீரை நாற்று.

"மண்ணு இல்லாம எப்படிங்க வெளையும்?"

"தண்ணியிலயே எல்லாச் சத்தும் இருக்குட்டி. பெரிய ஓட்டல்காரனெல்லாம் இந்தக் கீரையத்தான் கேக்கான்."

"நீங்க போயி விசாரிச்சியளா?"

"மொதல்ல வெளையட்டும்."

விளைந்தது. மே மாதம் பிறக்கும்வரை விளைந்தது. அப்புறம் இலை தலையைத் தொங்கப்போட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பேறிக் கொழகொழவென்று இருந்தது. தொட்டித் தண்ணீர் சூடானால் வேருக்கு மூச்சு முட்டும் என்றான் ஃபோன் வீடியோவில் பேசியவன். பேச்சிராஜாவுக்கு அது நன்றாகப் புரிந்தது. அவனுக்கே பொங்கலிலிருந்து மூச்சு முட்டிக்கொண்டுதான் இருந்தது.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு மேலே ஏறினான்.

"ஏட்டி, தொட்டிக்குத் தொண்ணூத்தெட்டு காட்டுது."

"நமக்கும் அதான? நார்மல்தான்."

அவள் சிரிக்காமல் சொன்னாள். அதுதான் அவளிடம் பெரிய தொந்தரவு.

அளக்க முடியாத அளவுக்குக் குளிர்ந்தால் எண்ணுக்குப் பதில் ‘லோ’ என்று எழுத்து வரும் என்று தெர்மாமீட்டர் அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. அந்த ஒரு ‘லோ’வைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், ஜென்மம் கடைத்தேறிவிடும் என்று ஆகிவிட்டது பேச்சிராஜாவுக்கு. டிரம்முக்கு வெள்ளையடித்தான். தொண்ணூற்றேழு. ஈரச் சாக்குச் சுற்றினான். மறுபடி தொண்ணூற்றெட்டு. மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"வெளிய போடுங்க. கவிச்சி அடிக்கு."

"கீரைக்கு என்னட்டி கவிச்சி?"

"அதுக்குப் புடிக்காது."

கீரைக்கும் மூக்கு உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான்.

கடைசியில் ஐஸ் பாட்டில். ஃப்ரிட்ஜ் நிறைய பாட்டிலை அடுக்கினான். இடம் போதவில்லை. உள்ளே இருந்த இட்லி மாவுப் பாத்திரத்தை, அந்தப் பெரிய எவர்சில்வர் போணியைத் தூக்கி வெளியே வைத்தான். மும்பையின் மே மாதப் புழுக்கம், அதற்குமேல் தகரக் கூரை. மாவு பொங்கி மூடியைத் தள்ளியது.

மறுநாள் காலை கலைச்செல்வி சீக்கிரமே திரும்பி வந்தாள். போன இட்லியில் முக்கால்வாசி கூடவே வந்தது. "அக்கா, ஆஜ் இட்லி கட்டா ஹை" என்று டாக்ஸிக்காரர்கள் புளிப்புக்கு முகத்தைச் சுளித்துவிட்டு, எதிர்த்த கடைக்குப் பாவ் ரொட்டி தின்னப் போய்விட்டார்களாம். போனவர்கள் நாளைக்கு வருவார்களா என்பது தெரியாது. அவர்கள் வராவிட்டால் வீட்டில் உலை வைக்க வேண்டியதில்லை.

அவள் நாலு வார்த்தை கத்தியிருந்தால் பேச்சிராஜா நிம்மதியாக இருந்திருப்பான். புளித்த இட்லியை உதிர்த்துத் தாளித்து அவன் முன்னால் வைத்தாள். அவன் தலையைத் தூக்காமல் தின்றான். கடைசித் துணுக்குவரை வழித்துத் தின்றான்.

சாயங்காலம் அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்தத் தொட்டி விசயமா ஒண்ணு சொல்லட்டா?"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டுவாள் என்று பயந்திருந்தவன் அல்லவா.

"கும்பார்வாடாவுல பெரிய மண்தொட்டி கிடைக்கும். வாய் அகலமா பாத்து வாங்குங்க. மேல வேண்டாம், கீழ மோரி பக்கத்துல வைங்க. அங்கதான் வெயில் எட்டாது. காத்தும் வரும்."

"வாய் எதுக்கு அகலமா?"

"உள்ள கைய விட்டுக் கழுவ வேண்டாமா?"

"உரத்தண்ணிய மண்ணே குடிச்சிருமே."

"அதுக்குத்தான் உள்ள ஒரு எவர்சில்வர் போணி. சுத்தி மணலப் போட்டு நனைச்சுக்கிட்டே இருங்க. பரண்ல பழைய போணி ஒண்ணு கெடக்கு. நம்ம மாவுப் போணி அளவுதான். அத வச்சுப் பாத்துக்கிடுங்க."

"சரி."

"பம்பு, பைப்பெல்லாம் கழட்டி மாட்டுத மாதிரி இருக்கட்டும்."

"அதுவும் கழுவத்தானா?"

"பின்ன?"

இவளுக்கு இவ்வளவு மூளையா என்று பேச்சிராஜாவுக்கு ஆச்சரியம். கல்யாணமாகி இத்தனை காலம் அதைக் கவனிக்காமல் இருந்துவிட்டோமே என்று கொஞ்சம் வருத்தம்கூடப் பட்டான். மறுநாளே கும்பார்வாடாவுக்குப் போய்க் குயவர்களிடம் தட்டித் தட்டிப் பார்த்துத் தொட்டி வாங்கித் தூக்கிக்கொண்டு வந்தான். குழாயிலிருந்து மெல்லிய பைப் இழுத்து, மணல் காயாமல் சொட்டுச் சொட்டாக நனையும்படி வைத்தான். அவன் போட்ட ஃபிட்டிங்கில் தண்ணீர் சொட்டினால், அது சொட்ட வேண்டும் என்று அவன் நினைத்ததால்தான் சொட்டும். ரெஞ்சு கையில் இருந்தவரை கான்ட்ராக்டர் ஞாபகமே வரவில்லை.

மறுநாள் விடியுமுன்னே தெர்மாமீட்டரைப் போணிக்குள் விட்டான். எடுத்தான். ‘லோ’.

மறுபடி விட்டான். ‘லோ’.

"கலைச்செல்வீ, வந்து பாரு."

அவள் இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே வந்து பார்த்தாள். "நல்லா குளுந்துருக்கு" என்று போணியை வெளியே தொட்டுச் சொன்னாள். தொட்டிக்கும் போணிக்கும் நடுவில் விரலை விட்டு அளந்தாள். அவனை அவள் மெச்சிப் பார்த்து ரொம்பக் காலம் ஆகியிருந்தது. பேச்சிராஜா புது நாற்றுகளை மேலே நட்டுவிட்டுப் பம்பைப் போட்டான்.

மத்தியானம் பார்த்தபோது தொண்ணூற்றேழு.

மேலே ஓடினான். நாற்றெல்லாம் படுத்துவிட்டது. அந்த வெயிலில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். துணி எடுக்க வந்த கலைச்செல்வி அவனைப் பார்த்தாள், கீரையைப் பார்த்தாள்.

"பைப்பத் தொட்டுப் பாருங்க."

தொட்டான். வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டான்.

"கீழ எம்புட்டுக் குளுந்திருந்தா என்ன? தகரத்து மேல இந்தப் பைப்புக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு வந்தா வென்னிதான்."

பைப்பிலேயே வாழ்ந்தவனுக்கு அது தோன்றவில்லை. தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவன் தொழில். போகிற வழியில் அதற்கு என்ன ஆகிறது என்று அவன் யோசித்ததே இல்லை.

"ஒனக்கு எப்பம் தெரியும்?"

"தெனமும் துணி காயப்போடுதேன்லா? மாசியிலயே கையச் சுட்டுச்சு."

"அப்பமே சொல்லியிருக்கலாம்லாட்டி?"

"சொன்னா அந்தத் தொட்டியச் செஞ்சிருப்பியளா?"

அவன் கீழே இறங்கினான். அவன் மேலே இருந்த நேரத்தில் பம்பும் பைப்பும் கழற்றி, சுருட்டி, ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. உரத்தண்ணீர்ப் போணியைக் காணோம். மண்தொட்டிக்குள் மாவுப் போணி உட்கார்ந்திருந்தது, அளவெடுத்துச் செய்த மாதிரி. அளவெடுத்துத்தானே செய்தான்.

"போன வருசமே கேட்டேன்," என்றாள் அவள் பின்னாலிருந்து. "ஃப்ரிட்ஜில எடம் பத்தல, மாவு வைக்க ஏதாவது செஞ்சு தாங்கன்னு. நான் ஃபிட்டரா, பானைக்காரனான்னு கேட்டிய."

கேட்டிருந்தான். நன்றாகவே ஞாபகம் இருந்தது. மறுபடி மேலே ஏறி, செத்த கீரையை அள்ளிக்கொண்டுபோய்ச் சந்தில் நின்ற ஆட்டுக்குப் போட்டான். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துபோனது. அதற்கு மட்டும்தான் அவனுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

மறுநாள் இட்லி பூவாக இருந்தது. போன டாக்ஸிக்காரர்கள் திரும்பி வந்தார்களாம். கலைச்செல்வி காலிப் பாத்திரத்தோடு வந்தாள். அவள் பின்னாலேயே, அடுத்த சந்தில் இட்லி அவிக்கும் பார்வதியம்மாளும் வந்து தொட்டியை மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்தாள்.

"ராசா, இதே மாதிரிதான் எனக்கும் வேணும். நாளைக்கே செஞ்சு தாரேன்னு சொன்னியாமே? கீழத்தெருக்காரிகளும் கேட்டிருக்காளுவ."

"நானா சொன்னேன்?"

"கலைச்செல்வி சொன்னா."

அவன் கலைச்செல்வியைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பேச்சிராஜா எழுந்திருக்கவில்லை. போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டான். சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்தான். தனியாகத் துக்கப்படக்கூட இந்த வீட்டில் விடமாட்டேன் என்கிறார்களே என்று நினைத்தபோது அவனுக்கே பாவமாக இருந்தது.

"ஏங்க, எந்திரிங்க. பார்வதியம்மா காத்துக்கிட்டு இருக்காவ."

"ஒடம்பு சரியில்லட்டி. காய்ச்ச மாதிரி இருக்கு."

அவள் தெர்மாமீட்டரைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, அவன் அக்குளில் செருகிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அது கீச்சென்றது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு ரெஞ்சை எடுத்து அவன் தலைமாட்டில் வைத்தாள்.

"தொண்ணூத்தெட்டு. நார்மல்தான்."