ஹாலுக்குள் ஓடிய உயிர்க்கோடு

அன்று எங்கள் நகரிலேயே இருக்கும் மெஹர் பானு வீட்டு ஹாலில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வராதவர்களெல்லாம் கண்ணால் பார்த்ததாக இப்போது கதை விடுகிறார்கள். இருந்தவர்கள்: திருஞானசம்பந்தமாகிய நான், என் மகன் ஜெயபிரகாஷ், நாற்காலியோடு தூக்கிவரப்பட்ட என் தங்கை லோகாம்பாள், மெஹர் பானுவின் தம்பி சஃபியுல்லா, சமையலறைக் கதவுக்குப் பின்னால் மெஹர் பானு, நடுநாயகமாக ரேகைச் செம்மல் ஆனந்தவேல். வாசலில் அவர் பின்னாலேயே வந்த கோட்டுச்சேரிக் கூட்டம். எட்டிப் பார்த்தவர்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

தருமபுரத்தில் எங்கள் நகரில் எல்லா வீடும் ஒரே அச்சு. வாசலைத் தாண்டினால் ஒரே பெரிய ஹால். சோபா, சாப்பாட்டு மேசை, கட்டில், காயும் துணி எல்லாம் வந்தவர் கண்ணில் ஒரேயடியாகப் படும். ஆகவே ஆளாளுக்கு ஹாலின் நடுவே ஒரு தடுப்பு வைத்தார்கள். ஒருவர் மணிச்சரம் தொங்கவிட்டார். ஒருவர் புத்தக அலமாரியைக் குறுக்கே நிறுத்தி, அதில் துபாய் சென்ட் பாட்டில்களை அடுக்கினார். இன்னொருவர் காரைக்கால்மேட்டிலிருந்து பழைய வலை வாங்கி, சிப்பி கோத்து மாட்டினார். மீன் வாடைக்குப் பூனைகள் குடும்பத்தோடு குடியேறின. அதுவரை எல்லாம் அறிவோடுதான் நடந்தது.

பிறகு ஆனந்தவேல் வந்தார். ஒவ்வொரு ஹாலிலும் ஓர் உயிர்க்கோடு ஓடுகிறதாம். அதன்மேல் தடுப்பு நின்றால் செல்வம், தள்ளி நின்றால் சீக்கு. கோட்டைக் கண்டுபிடிப்பது அவர் கையில் ஆடும் தூக்குக்குண்டு. கொத்தனாரிடம் இருப்பதேதான், இதற்குக் குங்குமம் வைத்திருந்தது, அவ்வளவே. எங்கள் வீட்டில் அது லட்சுமிக் கோடு. மெஹர் பானு வீட்டில் பரக்கத் கோடு. தடுப்புப் பலகை மட்டும் எல்லா வீட்டுக்கும் ஒன்றே, விற்பவரும் அவரே. அவரைக் கூட்டிப்போக ஆட்கள் கோட்டுச்சேரியிலிருந்து பஸ் பிடித்து வந்து வரிசையில் நின்றார்கள்.

எங்கள் ஹாலில் குண்டு லோகாம்பாளின் கட்டில்மேல் ஆடியது.

"இந்தக் கட்டில் கோட்டை அழுத்துதுங்க. அம்மா பின்கொட்டகைக்குப் போயிடணும். அப்பத்தான் உங்க மகனுக்கு வேலை நிரந்தரமாகும்."

முட்டி தேய்ந்த என் தங்கைக்கு அந்த ஜன்னல்தான் தெரு, கடைத்தெரு, ஊர் எல்லாம்.

"போயிடறேண்ணே. புள்ளைக்கு நல்லது நடக்கட்டும்" என்றாள்.

ஜெயபிரகாஷ் தலை குனிந்தான். ஆனால் கொட்டகையை அதற்குள் கூட்டி வைத்திருந்தான்! எங்கள் குடும்பத்துப் பெண்ணை வெளியேற்ற ஒரு பித்தளைக் குண்டுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

மெஹர் பானுதான் வழி சொன்னார். "எங்க வீட்டுல போன மாசமே கோடு பாத்து வச்சாருல்ல, ஐயா? தடுப்பைக் கழட்டிட்டு, தரையில அவங்க போட்ட ஓட்டை மேல பாயைப் போட்டுடறேன். தெரிஞ்சவங்க வீடுன்னு கூட்டிட்டு வாங்க. கோடு எடத்துலயே இருக்கான்னு பாத்துடுவோம்."

"அவருக்கு வீடு அடையாளம் தெரியாதா?"

"வீட்டை எங்க பாத்தாரு? சோபாவத்தானே பாத்தாரு!"

சோபாவுக்கு உறை மாற்றினோம். சஃபியுல்லா வீட்டுக்காரராக உட்கார்ந்தார்.

ஆனந்தவேல் கண்ணை மூடினார், முக்கால்வாசி. குண்டு ஹாலைச் சுற்றி ஊர்வலம் போனது. டிவிக்கு முன்னால் நின்று கிறுகிறுவென்று சுழன்றது. வாசலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"இதாங்க பரக்கத் கோடு!"

"அந்தப் பாய் விரிச்ச எடத்துல தடுப்பு வச்சா?" என்று கேட்டேன்.

"ஐயையோ! குடும்பம் வெளங்காதுங்க. அங்க வைக்கச் சொல்றவன் ஒண்ணு மடையனா இருக்கணும், இல்ல திருடனா இருக்கணும்."

சமையலறைக் கதவு திறந்தது. "ரெண்டுல நீங்க யாருங்க?" என்றார் மெஹர் பானு.

நான் பாயைச் சுருட்டினேன். டைல்ஸில் அவருடைய ஆள் போட்ட துளைகள். சஃபியுல்லா பழைய தடுப்பைத் தூக்கிவந்து நிறுத்தினார். கால்கள் துளைகளில் கச்சிதமாக உட்கார்ந்தன. பலகையில் ஆனந்தவேல் பெயரும் போன் நம்பரும் பளிச்சென்று இருந்தன.

"கோடு... நகரும்ங்க. பௌர்ணமிக்குப் பௌர்ணமி..."

"நகர்ற கோட்டுக்கு எதுக்குய்யா போல்ட்டு போட்டே?" என்றாள் லோகாம்பாள்.

கோட்டுச்சேரிக் கூட்டம் சிரித்த சிரிப்பில் ரேகைச் செம்மல் குண்டை விட்டுவிட்டே ஓடினார்.

ஜெயபிரகாஷ் இப்போது கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடுவே கம்பியில் திரை மாட்டியிருக்கிறான். கயிறு அத்தை கையில். பிடிக்காத விருந்தாளி வந்தால் சர்ரென்று இழுத்துவிடுகிறாள்.

தடுப்பு எங்கே வேண்டும் என்பது அந்த வீட்டில் நடப்பவர்களுக்கும் படுப்பவர்களுக்கும் தெரியும். குண்டைக் கேட்குமுன் அவர்களைக் கேளுங்கள். அதற்குத்தான் தலைக்குள் ஒன்றை வைத்திருக்கிறோம்.

திருஞானசம்பந்தம் அந்த ஆளின் காலில் விழுந்தார் என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. பொய். நான் குனிந்தது பாயைச் சுருட்ட.